எட்டாம் அதிகாரம் ஏழாம் வசனம்

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க அண்ணாச்சி. எனக்குக் காற்று முக்கியமில்லை. பக்கத்தில் பேச ஒரு ஆள் இருந்தால் போதும், மெட்ராஸ் வரைக்கும் நின்றுகொண்டே போய்விடுவேன்.

அந்தக் கண்டக்டர் ஏன் என்னை அப்படி முறைக்கிறான் தெரியுமா? பஸ் சங்கரன்கோவில் ஊருக்குள் போகுமா, இல்லை வெளியே ரோட்டிலேயே உதிர்த்துவிட்டுப் போய்விடுமா என்று கேட்டேன். "போகும், ஏறும்" என்றான். "போகும்னு சத்தியம் பண்ணும்" என்றேன். அவ்வளவுதான். கேட்டு வாங்காவிட்டால் இந்த உலகத்தில் எவன் என்ன கொடுப்பான்? நீங்களே சொல்லுங்க.

நீங்க எதுவரைக்கும்? ராஜபாளையமா. நல்லது. அப்போ நான் இறங்கும் வரைக்கும் நீங்க இருப்பீங்க.

என் பேர் சுவிசேஷமுத்து. பாளையங்கோட்டையில் பழைய மரக்கடை. இடிக்கப்போகிற வீட்டை மொத்தமாக விலைபேசி எடுத்து, கதவு, நிலை, ஜன்னல், உத்திரம் என்று தனித்தனியாகக் கழற்றி விற்கிற தொழில். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். உடன்குடிப் பக்கம் பனங்காட்டில் பிறந்து, லாரியில் மரம் ஏற்றி இறக்கி, தோள் காய்ச்சுப்போய், ஒருத்தன் தயவும் இல்லாமல் கடை போட்டேன். விலை பேசுவதில் என்னை ஜெயித்தவன் பாளையங்கோட்டையில் இல்லை. சத்தமாகப் பேசுவேன். கோபம் என்று நினைத்துவிடாதீங்க. கோபமும் வரும், அது வேறு.

நெற்றியில் விபூதி இருக்கு, பார்த்தேன். அதனால் உங்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். எங்க ஆளாக இருந்தால் அதிகாரத்தையும் வசனத்தையும் சொன்னாலே போதும், மிச்சத்தை அவரே பிடித்துக்கொள்வார்.

விஷயம் இதுதான். சங்கரன்கோவிலில் ஒரு வாத்தியார் இருக்கார். ரிட்டையர் ஆன வாத்தியார், மகள் வீட்டில் இருக்கார். எட்டு மாசமாக என்னோடு பேசுவதில்லை. இன்றைக்கு அவரைப் பேசவைக்கத்தான் போகிறேன். பேசினால் சரி. பேசாவிட்டால், எனக்கு இனிமேல் பேசுவதற்கு ஆளே கிடையாது அண்ணாச்சி. வாய் இருந்து என்ன பிரயோசனம்?

அவர் பேர் சிவசுப்பிரமணியன். பேரில் அப்பனும் மகனுமாக ரெண்டு சாமி. ஆனால் மனுசனுக்கு ஒரு சாமியும் கிடையாது. கறுப்புச் சட்டைக்காரர். வீட்டுக்குக் கதவு வாங்கத்தான் முதல் முதலாக என் கடைக்கு வந்தார். தேக்குக் கதவு, ரெட்டைத் தாழ்ப்பாள். நான் ஒரு விலை சொன்னேன். மனுசன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. கடைக்கு மேலே போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

போர்டில் என்ன இருக்கு என்று சொல்கிறேன். எங்க சபையில் வருசப்பிறப்பு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வாக்குத்தத்த அட்டை. வீட்டுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் என்ன வசனம் வருகிறதோ, அந்த வருசம் முழுக்க உங்க குடும்பத்துக்குக் கர்த்தர் கொடுத்த வாக்கு அது. நான் கடை போட்ட வருசம் எனக்கு வந்தது யோபு எட்டு, ஏழு; அதாவது பைபிளில் யோபு புத்தகம், எட்டாம் அதிகாரம், ஏழாம் வசனம். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தொடக்கம் எவ்வளவு அற்பமாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்று அர்த்தம். பனங்காட்டுப் பயலுக்கு இதைவிட என்ன வேண்டும்? பெயிண்டரைக் கூப்பிட்டு, கடைப் பேரைவிடப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். நீங்க எங்க ஊரில் பத்துக் கடை ஏறி இறங்கினால் நாலு கடையில் அந்த வசனம்தான் தொங்கும். ஆனால் என் கடையில்தான் முதலில்.

வாத்தியார் அதைப் படித்துவிட்டு, "இது யாரு சொன்னது ஓய்?" என்றார்.

"கர்த்தர் சொன்னது" என்றேன்.

"கர்த்தரா? நல்லாப் பாத்துச் சொல்லும்."

"பார்க்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. மனசில இருக்கு."

"மனசில இருக்கதைத்தான் ஓய் அடிக்கடி எடுத்துப் பாக்கணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே அவருக்கு ஏழெட்டு வசனத்தை அதிகாரம் தவறாமல் இறக்கினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டார். கதவை விற்றதும் நினைவில்லை, கடை அடைத்ததும் நினைவில்லை. மறுநாள் சாயங்காலம் மனுசன் மறுபடி வந்து நிற்கிறார். "என்ன வாத்தியாரே, தாழ்ப்பாள் சரியில்லையா?" என்றேன். "தாழ்ப்பாள் நல்லா இருக்கு. நேத்து நீர் பாதியில விட்டுட்டீரு, அதான்" என்றார்.

அப்படி ஆரம்பித்தது, பதினோரு வருசம். சாயங்காலமானால் சைக்கிள் மணி கேட்கும். டீ வரும். ரெண்டு பேரும் ஆரம்பிப்போம். தெருவில் போகிறவன் அடிதடி என்று நினைத்து நிற்பான். கடவுள் இருக்காரா, இல்லையா. பாவம் என்றால் என்ன. மழை ஏன் நல்லவன் கெட்டவன் பார்க்காமல் பெய்கிறது. அவர் எங்க வேதத்தைப் படித்தவர் அண்ணாச்சி, சும்மா சொல்லக்கூடாது. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். திருந்துவார் என்று கொடுத்தேன். கதை படிக்கிற மாதிரி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டு வந்து நின்றார். ஒரு வசனம்கூட மனப்பாடம் கிடையாது. "அது எங்கேயோ நடுவில வருமே ஓய்" என்பார். "ஏசாயா ஐம்பத்தைந்து, எட்டு" என்பேன் நான். "அதேதான்" என்பார். அப்படிப் பார்த்தால் ஜெயித்தது யார்?

என் பேரைச் சுருக்கிச் 'சுவிசேஷம்' என்றுதான் கூப்பிடுவார். "எங்க இயக்கத்துக்காரன் கேட்டா என்னைத் தள்ளிவச்சிருவான். தெனமும் என் வாயால சுவிசேஷம் சொல்ல வச்சிட்டீரே" என்பார்.

நான் மனப்பாடம் பண்ணின கதையைச் சொல்லவில்லையே. அதற்கு ஒரு காரணம் இருக்கு. கடை போட்ட புதிதில் எங்க சபைக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து ஏதோ பேசினேன். ஒரு வக்கீல், அவரும் எங்க சபைதான், "அண்ணாச்சி, வேதத்தில் அப்படி எங்கே இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். நான் முழித்தேன். கூட்டமே சிரித்தது. அன்றைக்கு முடிவு பண்ணினேன், கையில் சரக்கு இல்லாமல் சந்தைக்குப் போகக்கூடாது. நாள்காட்டியில் தினம் ஒரு வசனம் போடுவான் இல்லையா, அதைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். லோடு ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை. எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து, இன்றைக்கு என்னை எங்கே தொட்டாலும் வசனம் வரும். வருசா வருசம் சபையில் வசனப் போட்டி நடக்கும், பெரியவர்கள் பிரிவில் நான்தான். வீடு நிறைய எவர்சில்வர் தட்டு. அந்த வக்கீல் இப்போது என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

வாத்தியார் ஒருநாள் அழகாகச் சொன்னார். "சுவிசேஷம், நீர் வீட்டை இடிச்சுக் கதவை எடுக்க மாதிரிதான் வசனத்தையும் எடுக்கீரு. கதவு நல்ல கதவுதான், இல்லைங்கல. எந்த வீட்டுக் கதவு, அதுக்குள்ள யாரு இருந்தா, எதுக்குச் சாத்துனா, ஒண்ணும் உமக்குத் தெரியாது" என்றார். என் தொழிலை இவ்வளவு கவனித்துச் சொன்ன மனுசன் அவர் ஒருத்தர்தான். இதை நான் சபையில் சாட்சியாகவே சொன்னேன்.

என் வீட்டுக்காரி ரத்தினபாய் மட்டும் முணுமுணுப்பாள். "நீங்க ரெண்டு பேரும் பேசுதது எனக்குக் காதே வலிக்கு. அவராவது நீங்க பேசி முடிக்கட்டும்னு இருக்காரு. நீங்க அவர் வாயைத் திறந்ததுமே வசனத்தைத் தேட ஆரம்பிச்சிருதீங்க" என்பாள். பெண்பிள்ளைகளுக்குத் தர்க்கம் தெரியாது. அவள் இப்போது மெட்ராசில் மகன் வீட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போனாள். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயசாகிவிட்டது, அவளுக்கு அங்கேயே தோதுப்பட்டுவிட்டது. சண்டை ஒன்றும் கிடையாது. போன் பண்ணினால் எடுப்பாள். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பாள், நான் பதில் சொல்வதற்குள் குக்கர் சத்தம் போடுகிறது என்று வைத்துவிடுவாள். அங்கே எப்போது பார்த்தாலும் குக்கர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வாத்தியாருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் பேர் இனியன். தங்கமான பையன். என் கடையில் வந்து நின்றால், "மாமா, இன்னைக்கு எங்க அப்பாவை எத்தனை வசனத்தால அடிச்சீங்க?" என்பான். போன ஐப்பசி மழையில், தாழையூத்துப் பக்கம் பைக்கில் வந்தவன்மேல் லாரி ஏறிவிட்டது. முப்பத்தொரு வயசு. கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் அடக்கத்துக்குப் போனேன். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிற இடமா அது? மூணு நாள் கழித்துப் போனேன். வீட்டு வாசலில் பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்தக்காரர்கள், பழைய மாணவர்கள், அவர் இயக்கத்துக்காரர்கள். காரியம், சடங்கு ஒன்றும் வைக்கவில்லை என்று அவருடைய அக்கா ஒரு மூலையில் திட்டிக்கொண்டிருந்தது. வாத்தியார் நடுவில் இருந்தார். தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. மூணே நாளில் ஒரு மனுசன் இப்படிச் சுருங்குவானா என்று இருந்தது.

நான் உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அவரைப் பார்த்ததும் என்ன தோன்றியது தெரியுமா? பதினோரு வருசமாக இந்த மனுசன் இறங்கி வந்ததே இல்லை. இன்றைக்கு மனசு இளகியிருக்கும். தொழிலில் நான் கண்டது அதுதான், விற்கிறவன் முகம் வாடியிருக்கும்போதுதான் விலை படியும். அவரை ரட்சிப்புக்குள் கொண்டுவர இதைவிட்டால் நேரம் கிடையாது. நல்லெண்ணம்தானே? என் லாபத்துக்கா?

அவர் என்னைப் பார்த்து என்னமோ சொன்னார். நான் அந்தப் பந்தலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என் போர்டு வசனத்தைச் சொன்னேன். யோபு எட்டு, ஏழு. தொடக்கம் அற்பமானாலும் முடிவு நிறைவாக இருக்கும், மனம் தளராதேயும், கர்த்தர் பக்கம் வாரும் என்றேன். சும்மா சொல்லவில்லை, கண்ணீரோடு சொன்னேன்.

வாத்தியார் எழுந்து உள்ளே போனார். துண்டு எடுக்கப் போகிறார், அழப்போகிறார் என்று நினைத்தேன். கையில் வேதத்தோடு வந்தார். நான் வாங்கிக் கொடுத்த அதே வேதம். பக்கத்தைத் தேடினார். பிறகு வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல மெதுவாக வாசித்தார். எட்டு, ஏழு இல்லை. அதற்கு மூணு வசனத்துக்கு முன்னால் உள்ளது. எட்டு, நாலு.

உங்களுக்கு அந்தக் கதை தெரியாது. யோபு என்று ஒரு நல்ல மனுசர். ஒரு தப்பும் பண்ணாதவர். அவருக்குச் சொத்தெல்லாம் போகிறது, பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் வீடு இடிந்து சாகிறார்கள். துக்கம் விசாரிக்கச் சிநேகிதர்கள் வருகிறார்கள். அதில் ஒருத்தன் பேர் பில்தாத். அவன் சொல்கிறான், உன் பிள்ளைகள் பாவம் பண்ணியிருப்பார்கள், அதற்குத்தான் கூலி கிடைத்தது, நீயாவது ஒழுங்காகக் கடவுளைத் தேடு, அப்போது உன் தொடக்கம் அற்பமானாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்று. என் போர்டு வசனம் அந்தப் பேச்சின் வால். எனக்கென்ன தெரியும்? அட்டையில் வால் மட்டும்தான் போட்டிருந்தான்.

வாத்தியார் வேதத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "இதையும் சேத்துத்தான் சொல்ல வந்தீரா சுவிசேஷம்? என் பிள்ளை என்ன பாவம் பண்ணினான்?" என்றார்.

பந்தலில் அத்தனை பேர். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். அந்த வக்கீல் சிரித்த நாள் மாதிரியே இருந்தது எனக்கு. சபை நடுவில் ஒருத்தன் என்னைப் பார்த்து, 'வேதத்தில் அப்படியா இருக்கு?' என்று கேட்டால் நான் விடுவேனா? பிடரியில் சூடு ஏறிவிட்டது. "வேதத்தில எழுதியிருந்தா அதுக்கு ஒரு அர்த்தம் இல்லாம இருக்காது வாத்தியாரே" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா? பொதுவாகச் சொன்னேன். வேதத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?

ஒருத்தன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அந்த அக்கா, இவ்வளவு நேரம் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்ததே, அது என்னைப் பார்த்து, "வெளங்குவியா நீ" என்றது. வாத்தியார் மகள் எழிலரசி வந்து என் முழங்கையைப் பிடித்தது. "மாமா, நீங்க போயிட்டு வாங்க" என்று கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டது. அந்தப் பிள்ளை கை ஜில்லென்று இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். வாத்தியார் என்னைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த வேதத்தின் அட்டையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சைக்கிள் மணி கேட்கவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் டீ வாங்கி வைத்துப் பார்த்தேன், ஆறிப்போனது. அப்புறம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு சங்கரன்கோவில் போய்விட்டார் என்று சொன்னார்கள். என்னிடம் சொல்லவில்லை. நான் விற்ற கதவில் பூட்டு தொங்கியது.

எனக்கு வந்த கோபம் இருக்கே, நேராக எங்க ஐயரிடம் போனேன். எங்க குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். "ஐயரே, எட்டு ஏழு யார் சொன்னது?" என்றேன். சின்ன வயசுக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பில்தாத் சொன்னது அண்ணாச்சி. கடைசியில கடவுள் அவங்களைக் கடிந்துக்கிடுதார். என்னைப் பத்தி நீங்க சரியாப் பேசலைன்னு சொல்லுதார்" என்றார். "அப்போ அதை எதுக்கு அட்டையில போட்டு எனக்குக் கொடுத்தீங்க?" என்றேன். "நான் வரதுக்கு முந்தி நடந்தது அண்ணாச்சி" என்கிறார். நாள்காட்டியும் அந்த அட்டையும் அச்சடிக்கிறவனிடம் போனேன். "அண்ணாச்சி, எங்ககிட்ட ரொம்ப ஓடுத வசனமே அதுதான்" என்கிறான். வாலை வெட்டி விற்றவன் அவன், வாங்கி மாட்டினவன் நான், பழி மட்டும் எனக்கு. இதற்கு யார் பதில் சொல்வது? இத்தனை வருசம் சபைக்குப் போகிறேன், ஒருத்தனாவது சொன்னானா? சொன்னது யார்? சாமி இல்லை என்கிறவர். அதுவும் முதல் நாளே சொன்னார். 'நல்லாப் பாத்துச் சொல்லும்' என்றார். கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா?

பேச ஆள் தேடினேன், தேடாமல் இல்லை. ஒரு பாஸ்டர் வந்தார். நான் எதைச் சொன்னாலும் "ஆமென், ஆமென்" என்றார். அப்படிச் சொன்னால் எப்படிப் பேசுவது? வாத்தியாருடைய இயக்கத்தில் ஒரு வாலிபன், அவனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துப் பேசினேன். அவனும் மனப்பாடம் பண்ணிவைத்திருந்தான். நான் ஒரு பாட்டம் ஒப்பித்தேன், அவன் ஒரு பாட்டம் ஒப்பித்தான். ரெண்டு டேப் ரெக்கார்டரை எதிர் எதிராக வைத்த மாதிரி. டீ மாஸ்டர்கூட நின்று கேட்கவில்லை. சாயங்காலமானால் கடைக்குள் அத்தனை கதவுகளும் சுவரில் சாய்ந்து நிற்கும், நான் நடுவில் இருப்பேன். எந்தக் கதவையும் எவனும் தட்டப்போவதில்லை.

அப்புறம்தான் முடிவு பண்ணினேன். தொலைத்த இடத்தில்தான் தேட வேண்டும். யோபு முழுப் புத்தகத்தையும் மனப்பாடம் பண்ணினேன். முதல் அதிகாரத்திலிருந்து நாற்பத்திரண்டு வரைக்கும். வால், தலை, நடு, ஒன்று விடவில்லை. இப்போது எந்த வீட்டுக் கதவு என்று கேட்டால் சொல்வேன். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எல்லாம் தெரியும்.

அதில்தான் எனக்கு ஒரு துருப்புச்சீட்டு கிடைத்தது அண்ணாச்சி. கேளுங்க, இதுதான் இன்றைக்கு நான் போடப்போகிற போடு. நாற்பத்திரண்டாம் அதிகாரம். கடவுள் அந்தச் சிநேகிதர்களைத் திட்டுகிறார் இல்லையா, திட்டிவிட்டு என்ன சொல்கிறார்? யோபிடம் போங்கள், அவன் உங்களுக்காக வேண்டிக்கொள்வான் என்கிறார். யோபு வேண்டிக்கொள்கிறார். கடவுள் சிநேகிதர்களை விட்டுவிடுகிறார். முடிந்தது வழக்கு. அப்படியானால் என்ன அர்த்தம்? வாத்தியார் யோபு ஸ்தானம். நான் சிநேகிதன் ஸ்தானம். தப்பு என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்தானத்தை மட்டும்தான் ஒத்துக்கொள்கிறேன். எழுதியிருக்கிறபடி பார்த்தால் அவர் என்னை விட்டுவிட்டுத்தான் ஆக வேண்டும். வேற வழி கிடையாது. அவர் யாரிடம் வேண்டிக்கொள்வார், அவருக்குத்தான் சாமி இல்லையே என்று நீங்க கேட்கலாம். அதையும் யோசித்தேன். அவர் வேண்ட வேண்டாம். 'சரி ஓய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அதை நான் ஜெபமாக எடுத்துக்கொள்கிறேன். இதற்குமேல் ஒரு மனுசன் இறங்கி வர முடியுமா?

போன் பண்ணினேன். எழிலரசிதான் எடுத்தது. "அப்பா இப்ப யார்கிட்டயும் பேசுததில்ல மாமா. வெளிய பாத்துக்கிட்டே இருக்காங்க" என்றது. "நான் வரட்டுமா தாயி?" என்றேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். "உங்க இஷ்டம் மாமா" என்றது. வராதே என்று சொல்லவில்லை, பார்த்தீங்களா? வியாபாரத்தில் அது பாதிச் சம்மதம்.

ஒரு உதவி பண்ணுங்க அண்ணாச்சி. ஊர் வருவதற்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நீங்க வாத்தியாராக இருங்க. ஒன்றும் கஷ்டமில்லை. அன்றைக்குப் பந்தலில் அவர் என்னிடம் சொன்னதை நீங்க சொல்லுங்க, நான் எட்டு ஏழுக்குப் பதிலாக இந்தப் புதுசைச் சொல்கிறேன். சொல்லுங்க.

என்ன சொல்லணுமா? அவர் சொன்னதைத்தான். அதான், நான் வசனம் சொல்வதற்கு முன்னால்.

இருங்க. சொல்கிறேன். 'என் பிள்ளை என்ன பாவம் பண்ணினான்' இல்லை, அது பிறகு. அதற்கு முன்னால். நான் செருப்பைக் கழற்றினேன். பந்தலுக்குள் வந்தேன். மனசுக்குள் வசனத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன், தடுமாறிவிடக்கூடாது என்று. அவர் தலையைத் தூக்கினார். என்னமோ கேட்டார். கடவுளைப் பற்றித்தான் கேட்டிருப்பார், வேறு எதைக் கேட்பார்? உம் கடவுள் எங்கே ஓய் என்று... இல்லை. அப்படிக் கேட்கவில்லை.

ஆச்சரியமாக இருக்கு. நாற்பத்திரண்டு அதிகாரம் உட்கார்ந்திருக்கிற மண்டை இது. எந்தக் கதவை எவனுக்கு என்ன விலைக்குக் கொடுத்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு வரி வரமாட்டேன் என்கிறதே. பேசாதீங்க, பேசாதீங்க, வருகிறது.

தலையைத் தூக்கினார். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதைக் கையால் இழுத்தார். "வந்தீரா" என்றார். "உட்காரும்" என்றார்.

அவ்வளவுதான் அண்ணாச்சி.

வந்தீரா, உட்காரும். வேறு ஒன்றும் இல்லை. எத்தனை தடவை யோசித்தாலும் அதுதான் வருகிறது.

கேள்வியே கேட்கவில்லையே இந்த மனுசன். பார்த்தீங்களா அநியாயத்தை? பதினோரு வருசமும் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தவர், அன்றைக்குக் கேள்வியே கேட்காமல் என்னைத் தோற்கடித்திருக்கார். கேள்வி இருந்தால் பதில் இருக்கு. எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும், முன்வசனம் பின்வசனம் எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன். உட்காரும் என்று ஒருத்தர் சொன்னால் அதற்கு எந்த அதிகாரத்தில் போய்ப் பதில் தேடுவது?

இப்போது கதவைத் திறந்து மறுபடியும் அதையே சொன்னார் என்றால்? நாற்பத்திரண்டை எங்கே சொருகுவது?

என்னது? ஊருக்குள் வந்தாச்சா? அதுக்குள்ளயா? பாருங்க, சொன்ன மாதிரி உள்ளேதான் கொண்டுவந்திருக்கான். கேட்டு வாங்கினதால்தான்.

நீங்களும் இறங்கி ஒரு எட்டு வரீங்களா? ரெண்டு பேராகப் போனால் ஒரு பேச்சு நடக்கும். சரி, சரி, உங்களுக்கு வேலை இருக்கும். தெரியும்.

கண்டக்டரே, விசில் ஊதாதேயும், வயசான ஆளு இறங்குறேன். ஓட்டை பஸ்ஸுக்கு என்ன இவ்வளவு அவசரம்? கால் ரெண்டும் மரத்துப்போய்த் தூக்கமாட்டேன் என்கிறது. இந்தக் காலோடு வாசலில் நின்று வசனம் சொல்லவா முடியும்? போனதும் முதல் வேலையாக உட்காரத்தான் வேண்டும்.